விடை வராத ஜோடிகள்

சேலையூர்,
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரோஸி அக்காவுக்கு,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. நவதுறவிகளுக்கு வீட்டிலிருந்து மாதம் ஒரு கடிதம்தான், அதையும் மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார் என்று போகும்போதே சொன்னாய். இந்த மாதத்துக் கடிதம் அம்மாவுடையதாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு எழுத வராது என்ற சாக்கில் நான் பிடுங்கிக்கொண்டேன். மதர், நீங்களும் மன்னிக்க வேண்டும்.

உனக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா? இங்கே சுகம். அப்பா ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக்குப் பெயிண்ட் அடிக்கிறார். முட்டி வலியால் சாரத்தில் ஏறுவதில்லை, கீழ்த்தளம் மட்டும். அம்மா அதே பெண்கள் விடுதியில் சமைக்கிறாள். ஞாயிறு பூசைக்குப் போகிறாள், கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்கும் போகிறாள். இந்த வரியை மதர் படிக்க வேண்டாம்.

தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது நீ கேட்டாய்: "உன் தங்கச்சி இன்னா படிக்கிறான்னு அங்க கேட்டா நான் இன்னாடி சொல்றது?" பிசிக்ஸ் என்று கத்தினேன். அது பதில் இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஒளியின் இரண்டு துகள்கள் ஜோடியாகப் பிறக்கின்றன. ஒன்று தாம்பரம் பக்கம் போகிறது, மற்றது செங்கல்பட்டுப் பக்கம். இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரே பதில் வருகிறது. நடுவில் பேசிக்கொள்ள அவற்றுக்கு நேரமே கிடையாது. அப்படியானால் எப்படி? ஒரு கட்சி சொல்கிறது: பிறக்கும்போதே இரண்டின் பையிலும் ஒரே சீட்டு வைக்கப்பட்டது, எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அதில் எழுதியிருக்கிறது. இன்னொரு கட்சி சொல்கிறது: சீட்டே இல்லை, கேட்கும்வரை பதிலும் இல்லை.

இதை எப்படித் தீர்ப்பது என்று நம் அம்மாவுக்குத் தெரியும். விடுதிப் பால்பவுடர் டப்பாவை நாம் காலி செய்த நாள் நினைவிருக்கிறதா? தனித்தனியாக நிறுத்தி யார் தின்றது என்று கேட்டாள். இரண்டு பேரும் "பூனை" என்றோம். "ஒரே கேள்விய கேட்டா ஒப்பிச்சிகினு வந்து நிப்பீங்க. இப்ப பாருங்கடி" என்று சொல்லி, பூனை எப்படி உள்ளே வந்தது என்று உன்னையும், எப்படி வெளியே போனது என்று என்னையும் கேட்டாள். கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் வழியாக வந்தது என்றாய் நீ. கதவு வழியாகப் போனது என்றேன் நான். அடி விழுந்தது.

அதேதான் அக்கா. வெவ்வேறு கேள்விகளைக் கேட்டு, பதில்கள் எவ்வளவு பொருந்துகின்றன என்று ஒரு கணக்குப் போடுவார்கள். சீட்டு வைத்திருக்கிற ஜோடி எவ்வளவு கெட்டிக்கார ஜோடியாக இருந்தாலும் அந்தக் கணக்கில் 2-ஐத் தாண்ட முடியாது. சோதனைக்கூடத்தில் துகள்கள் 2.8 வரை போகின்றன. ஆகவே சீட்டு மட்டும் போதாது என்பது பெரும்பாலானவர்கள் முடிவு.

என் வழிகாட்டி டாக்டர் குமரவேல் சார் சீட்டுக் கட்சி. "எதுவும் கடைசி நிமிஷத்துல முடிவாகறது இல்லம்மா, எல்லாம் மொதல்லயே முடிவானதுதான்" என்பார். சீட்டை மட்டும் வைத்துக்கொண்டே 2-ஐத் தாண்டலாம் என்று காட்ட ஒரு கணித மாதிரி வைத்திருக்கிறார். அதற்குக் கணினி நிரல் எழுதுவது என் வேலை. நம் வீட்டிலிருந்து ஒருத்தி இப்படி ஒரு கேள்விக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதினேன்.

உன் தங்கை,
ரேஷ்மா


நவதுறவியர் இல்லம்,
12 செப்டம்பர் 2024

இயேசுவில் அன்பான தங்கை ரேஷ்மாவுக்கு,

அவருடைய சமாதானம் வீட்டில் எல்லோரோடும் இருக்கட்டும். நான் நலம். காலையில் மட்டும் கொஞ்சம் இரைக்கிறது. அப்பாவை முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். குன்றத்தூர் வரியையும் மதர் படித்தார். சிரித்தார்.

அம்மாவின் விசாரணையில் ஒன்றை விட்டுவிட்டாய். மாட்டிக்கொள்ளும் கேள்வியாக வந்தால் நான் பதிலே சொல்ல மாட்டேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவேன். "சரி, அத்த வுடு" என்று அம்மா அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவாள். பத்துத் தடவையில் எட்டுத் தடவை நாம் தப்பித்தது அப்படித்தான். பால்பவுடர் அன்று எனக்கு அழ மறந்துவிட்டது.

இங்கே ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுத்திருக்கிறார்கள். ஏழு பெயர் எழுதி, தினமும் ஜெபத்தில் அந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, நீ, நான்காவதாக உன் குமரவேல் சார். அவர் உன்னை நல்ல இடத்துக்குக் கொண்டுபோகட்டும்.

உன் அக்கா,
ரோஸி


சேலையூர்,
1 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மழை விட்டுவிட்டது. கேம்ப் ரோட்டில் பள்ளம் எது, ரோடு எது என்று இன்னும் தெரியவில்லை. அப்பாவுக்கு ஒத்தடம் நடக்கிறது.

இரண்டு மாதம் எழுதவில்லை. நிரல் என்னை விடவில்லை. நேற்று முடிந்தது. 2.75 வந்தது!

சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சரித்திரம்மா இது" என்றார். அவருடைய அக்கா மகன் கிரீஷ் அவரிடமே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். அவரை அனுப்பி எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கிவரச் சொன்னார். எனக்கு முட்டை பஃப்ஸ் கிடைத்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. முதலில் எனக்கு 1.76தான் வந்தது. சார் திரையைப் பார்த்துவிட்டு, "நடுவுல இந்த வெத்து வரியெல்லாம் என்ன?" என்று கேட்டார். சில ஜோடிகளில் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து பதில் வராது சார், அவை அந்த வரிகள் என்றேன். "பதில் வராததை எதுக்கும்மா சேர்க்கற? ஆப்சென்ட்ட எடு."

எங்கள் துறையின் பழக்கம் அது. அறிவிப்புப் பலகையில் தேர்ச்சி 97 சதவீதம் என்று எழுதியிருக்கும். எழுதினால் தேறமாட்டார்கள் என்று தெரிந்தவர்களை "இந்த தடவை எழுதாத, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். வராதவர்களுக்குச் சதவீதத்தில் இடமில்லை. சார் இருபது வருடமாக அப்படியே எண்ணிப் பழகியவர். துகள்களையும் அப்படியே எண்ணிவிட்டார்.

நான் வெற்று வரிகளை எடுத்தேன். 2.75 ஆயிற்று. பஃப்ஸ் தின்றுகொண்டிருக்கும்போதுதான் அம்மாவின் விசாரணையில் உனக்கு வரும் வயிற்றுவலி ஞாபகம் வந்தது.

உன் தங்கை,
ரேஷ்மா


நவதுறவியர் இல்லம்,
22 டிசம்பர் 2024

அன்பான ரேஷ்மாவுக்கு,

பிறக்கப்போகும் பாலன் நம் வீட்டையும் எட்டிப் பார்க்கட்டும். எல்லோருக்கும் என் வாழ்த்து.

2.75 வந்ததை மதரிடம் சொன்னேன். இவ்வளவு சின்ன எண்ணுக்கா இந்த ஆட்டம் என்று கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. ஆனால் உன் பேர் அச்சில் வரும் இல்லையா? வந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பு. இங்கே சுவரில் படம் ஒட்டக்கூடாது. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன்.

குடில் கட்டுகிறோம். வைக்கோல் தூசியால் இரைப்பு கொஞ்சம் அதிகம்.

உன் அக்கா,
ரோஸி


சேலையூர்,
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு இரைப்பு குறைந்ததா? மதரிடம் சொல்லி மருந்து வாங்கிக்கொள், வெட்கப்படாதே. வெட்கப்பட்டு நான் பட்டது போதும்.

கட்டுரை தயார். நீ கேட்ட பக்கம் இல்லை. மேலே இரண்டு பெயர்கள்: டாக்டர் குமரவேல், கிரீஷ். கடைசிப் பக்கத்தில் நன்றி என்று போட்டு, சின்ன எழுத்தில்: "தட்டச்சு உதவி: செல்வி ரேஷ்மா."

நிரலில் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் இருக்கின்றன. கிரீஷ் அதில் ஒரு வரியைக்கூட எழுதியவரில்லை. பஃப்ஸ் வாங்கிவந்தவர்.

சார் அறைக்குப் போய் நின்றேன். எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். அவரே பேசினார். "கிரீஷுக்கு பிஎச்டி முடிக்கணும், ஒரு பேப்பர் வேணும். உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? உங்க வீட்ல பத்தாவது தாண்டினவங்களே கிடையாதாமே. நீ எம்எஸ்சி வந்ததே பெரிய விஷயம்." அக்கா, நீ பன்னிரண்டாவது முடித்தவள். அதைக்கூட நான் திருத்தவில்லை.

இன்னொன்றும் உண்டு. டிசம்பர் மூன்றாம் தேதியே அவரிடம் வெற்று வரிகளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சீட்டை வைத்திருக்கிற துகள், தன்னை மாட்டிவிடும் கேள்வி வரும்போது வாயை மூடிக்கொள்கிறது சார், நாம் அந்த மௌனத்தை எண்ணாமல் விடுகிறோம், அதனால்தான் 2-ஐத் தாண்டுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு ஜோடியைக்கூட விடாமல் எண்ணுகிற சோதனைகளை வெளியில் செய்துவிட்டார்கள், அவற்றிலும் 2 தாண்டுகிறது, ஆகவே நம் மாதிரி நிற்காது என்றும் எழுதினேன். அந்தத் தாளை மடித்து மேசைக்காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடிக்கொண்டிருந்தது.

நான் எம்எஸ்சி சேர்ந்த நாளை நினைத்துக்கொண்டேன். சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்துக் கம்பெனியில் உன் ஷிப்ட் முடிந்து, அவர்கள் கொடுத்த நீலக் கோட்டோடு அப்படியே எனக்குப் பணம் கட்ட வந்தாய். வராந்தாவில் அவர் உன்னைப் பார்த்து, "ஏம்மா, இத கொஞ்சம் கழுவி ஸ்டாஃப் ரூம்ல வெச்சிடு" என்று டிபன் கேரியரை நீட்டினார். நீ வாங்கிக் கழுவி வைத்தாய். நான் மூன்றடி தள்ளி நின்றேன். என் அக்கா என்று சொல்லவில்லை. இன்றுவரை அதைப் பற்றி நாம் பேசியதும் இல்லை.

கேட்கிறேன். அன்று உனக்கு வலித்ததா?

இப்போது எனக்கு ஒன்றுதான் வேண்டும். அவர் சபையில் கூச வேண்டும். ஒரே ஒருமுறை, மூன்றடி தள்ளி நான் நிற்க, அவர் கூச வேண்டும்.

ரேஷ்மா


நவதுறவியர் இல்லம்,
9 பிப்ரவரி 2025

அன்பான ரேஷ்மாவுக்கு,

ஆண்டவர் உனக்கு ஆறுதல் தரட்டும். மருந்து வாங்கினேன். இப்போது நன்றாகத் தூங்குகிறேன்.

உன் கடிதம் மதருக்குக் கவலை தந்தது. பழிவாங்குதல் ஆண்டவருக்குரியது என்று உனக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். குமரவேல் சாருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். தோட்டத்தில் கேரட் போட்டிருக்கிறோம். அம்மா விடுதியில் கேரட் பொரியல் செய்யும்போது என்னை நினைத்துக்கொள்ளச் சொல்.

உன் அக்கா,
ரோஸி


சேலையூர்,
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா கேரட் நறுக்கும்போது உன்னை நினைத்து அழுதுவிட்டாள். வெங்காயம் என்று விடுதிப் பெண்களிடம் சொன்னாளாம். மற்றபடி எல்லோரும் சுகம்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. வலிக்கவில்லை என்று எழுத உனக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது. மதரும் சந்தோஷப்பட்டிருப்பார். நீ எழுதவில்லை. அதை நான் எண்ணிக்கொண்டேன்.

இப்போது இரண்டாவது கேள்வி. இது குவாண்டம் ஆண்டு என்று ஊரெல்லாம் கருத்தரங்கு நடக்கிறது. எங்கள் கல்லூரியில் மார்ச் 20. சார் அந்தக் கட்டுரையை வாசிக்கிறார். "சீட்டே போதும்" என்பதுதான் அதன் முடிவு. அமர்வுக்குத் தலைமை தாயாரம்மாள் என்ற ஓய்வுபெற்ற விஞ்ஞானி. முப்பது வருடம் ஒளித்துகள் சோதனைகள் செய்தவராம். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து இருநூறு பேர் வருவார்கள்.

வாசித்து முடித்ததும் கேள்வி நேரம் உண்டு. நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். இன்னொரு முறை அவர் அறைக்குப் போய் எச்சரிக்க மாட்டேன். எச்சரித்தால் திருத்திக்கொள்வார். அவர் திருத்திக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை.

அவர் கையில்தான் என் புராஜெக்ட் மார்க் இருக்கிறது. நீ இரண்டு வருடம் நீலக் கோட்டில் நின்று கட்டிய படிப்பு இது, அதனால் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். சாம்பல் புதனுக்குப் பிறகு ஈஸ்டர்வரை உங்களுக்குக் கடிதம் கிடையாது என்று அம்மா சொன்னாள். அதற்கு முன் பதில் போடு. "வேண்டாம்" என்று ஒரு சொல் எழுதினால் போதும், நான் எழுந்திருக்க மாட்டேன். உன்மேல் சத்தியம்.

ரேஷ்மா


நவதுறவியர் இல்லம்,
2 மார்ச் 2025

அன்பான ரேஷ்மாவுக்கு,

தவக்காலம் உங்களுக்கும் நல்லபடியாக அமையட்டும். புதன்கிழமை முதல் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. நீ எழுதினால் மதர் அலமாரியில் வைத்து ஈஸ்டருக்குப் பிறகு தருவார்.

என் உடம்பு நன்றாக இருக்கிறது. கேரட் நட்டதில் பாதி முயல் தின்றுவிட்டது. போன வருடக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் சலித்துக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் முட்டி எப்படி? அம்மா தனியாக மூட்டை தூக்க வேண்டாம்.

இன்று பாத்திரம் கழுவும் முறை எனக்கு. அன்றைக்குக் கழுவிய அந்தக் கேரியரில் நடுத்தட்டின் மூடி சரியாகப் பொருந்தாது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் அடியில் மஞ்சள் கறை போகவில்லை. மூன்று தடவை தேய்த்தேன். ஏன் இன்றைக்கு ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

வெயில் ஆரம்பிக்கிறது. வெளியே போனால் தண்ணீர் எடுத்துப் போ. தொண்டை காயாமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ரோஸி


சேலையூர்,
21 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இது அலமாரியில் ஒரு மாதம் தூங்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஈஸ்டருக்குப் பிறகும் இது ஆறிப்போயிருக்காது. நீ சுகமா? நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். "வேண்டாம்" எங்கேயும் இல்லை. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டுரையின் நகலை எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். சார் நன்றாகத்தான் வாசித்தார். 2.75 திரையில் வந்ததும் கைதட்டினார்கள். கிரீஷ் முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். கேள்வி உண்டா என்றார் தாயாரம்மாள். சின்ன உருவம், நூல் புடவை, காலில் ரப்பர் செருப்பு. நான் கடைசி வரிசையில் எழுந்தேன். மைக் கொண்டுவந்தவர் அதை என்னிடம் தராமல் அவரே பிடித்துக்கொண்டார்.

"சார், பதில் வராத ஜோடிங்க எத்தனை?"

சார் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நாற்காலி பேசியதுபோல் பார்த்தார். "அது வெறும் இரைச்சல்மா. அத விட்டுடுவோம். உக்காரு."

"அந்தப் பொண்ணு எண்ணிக்கைதான கேக்குது. சொல்லுங்களேன்" என்றார் தாயாரம்மாள்.

சார் கிரீஷைப் பார்த்தார். கிரீஷ் தரையைப் பார்த்தார்.

"நூத்துக்கு முப்பத்தாறு மேடம்" என்றேன். "அதையும் எண்ணினா ஒன்னு புள்ளி ஏழு ஆறு வரும். ரெண்டுக்குக் கீழ."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தட்டச்சு உதவி நான்தான் மேடம். கடைசிப் பக்கத்துல போட்டிருக்கு."

இருநூறு பேரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது அக்கா. உனக்கு அதைக் கேட்கவைக்க முடியவில்லையே என்றுதான் வருத்தம்.

தாயாரம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "கருவி கோளாறுல விட்டுப்போனா பரவால்ல சார். உங்க மாதிரியில துகள் கேள்விய பாத்துட்டு வாய மூடிக்குது. மூடினதெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, பேசினத மட்டும் எண்ணி ரெண்டத் தாண்டிட்டோம்னா எப்படி? வந்தவன் மட்டும் பாஸ்னு நூறு சதவீதம் காட்டற மாதிரி இருக்கே." பின்வரிசை மாணவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். அறிவிப்புப் பலகையைத் தினமும் பார்ப்பவர்கள்.

சாருக்கு வியர்த்தது. ஆனால் படித்தவர், கடைசி வழியையும் அறிந்தவர். "மேடம், அப்படியே இருக்கட்டும். யார் எந்தக் கேள்விய கேப்பாங்கறதே பிரபஞ்சம் பிறந்தப்பவே முடிவாயிடுச்சுன்னு வைங்க. துகளோட சீட்டும் கேள்வியும் ஒரே எடத்துலேர்ந்து வந்தது. அப்ப அந்த ரெண்டுங்கற எல்லையே நமக்குக் கிடையாது."

"அப்படி ஒரு வாதம் இருக்கு. அதப் பொய்னு யாராலயும் காட்ட முடியாது, உண்மைன்னும் காட்ட முடியாது. உங்க பேப்பர்ல அது எங்க சார் இருக்கு?"

மைக் இன்னும் என் வாய்க்கு அருகில்தான் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை.

"அப்போ நான் இன்னிக்கு எழுந்து இத கேப்பேங்கறதும் அப்பவே முடிவானதுதான் சார். என்மேல கோவப்படாதீங்க."

மதர், இதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை நான் எவ்வளவு அனுபவித்தேன் என்பதை இங்கே எழுதவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

படிக்கட்டில் சார் என்னைப் பிடித்தார். கேரியர் கையில் இருந்தது. குரல் தாழ்ந்திருந்தது. "ஒரு வார்த்தை ரூமுக்கு வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன் சார். டிசம்பர் மூணாம் தேதி. உங்க மேசைக்கால் கீழ இருக்கு."

பிறகு இன்னொன்றும் சொன்னேன். இரண்டு வருடமாகத் தொண்டையில் இருந்தது. "ரெண்டு வருஷம் முன்னாடி இந்தக் கேரியரக் கழுவினது என் அக்கா சார். பன்னெண்டாவது முடிச்சவங்க."

அவருக்கு அது நினைவில்லை. எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. அந்த ஒன்றில் மட்டும் நான் தோற்றேன்.

ரேஷ்மா


நவதுறவியர் இல்லம்,
24 ஏப்ரல் 2025

அன்பான ரேஷ்மாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி வீட்டில் நிறையட்டும். நலமாக இருக்கிறேன். எடை கூடியிருக்கிறது என்கிறார்கள்.

உன் கடிதத்தை மதர் தந்தார். உறையின் ஓரம் கசங்கியிருந்தது. இரண்டு மூன்று தடவை பிரித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். மேசைக்கால் வரியில் நான் சிரித்துவிட்டேன். அது பாவமா என்று கேட்டேன். "எவ்வளவு நேரம் சிரித்தாய்?" என்று கேட்டார்.

உன் புராஜெக்ட் மார்க் என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுது.

குமரவேல் சாருக்காக இன்னும் ஜெபிக்கிறேன். இப்போது அவருக்குத்தான் அதிகம் தேவை என்று மதர் சொல்கிறார்.

உன் அக்கா,
ரோஸி


சேலையூர்,
15 ஜூன் 2025

அன்புள்ள ரோஸி அக்காவுக்கு,

உன் எடை கூடியதைக் கேட்டு அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். குன்றத்தூரிலும் ஏதோ செய்திருக்கிறாள், கேட்டால் சொல்லவில்லை. அப்பா முட்டிக்கு உறை வாங்கிவிட்டார். எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள்.

புராஜெக்டில் ஐம்பத்தொன்று. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. அவரும் எண்ணத் தெரிந்தவர்தான். இந்த ஒரு எண்ணில் என் முதல் வகுப்பு போய்விட்டது, முனைவர் பட்டத்துக்கு நான் நினைத்திருந்த இரண்டு இடங்களும் போயின. கேம்ப் ரோட்டில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கிறேன். இருபத்தெட்டு பேர். தேர்வு வைத்தால் வராதவர்களின் பெயரையும் போர்டில் எழுதி, எதிரே பூஜ்யம் போடுகிறேன். "மிஸ், நான் லீவு மிஸ்" என்று ஜாய்சன் என்ற பையன் சண்டைக்கு வருகிறான். லீவையும் எண்ணுவேன்டா என்கிறேன்.

வருத்தமா என்று கேட்பாய். இல்லை. மறுபடி அந்த அரங்கில் உட்காரவைத்தால் மறுபடி எழுந்திருப்பேன். அவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கிரீஷின் பட்டம் தள்ளிப்போயிற்று.

கருத்தரங்குத் தொகுப்பு போன வாரம் வந்தது. அவர் விலகும்போது பக்க எண்களெல்லாம் போட்டு முடித்திருந்தார்களாம். அதனால் பொருளடக்கத்தில் அந்தத் தலைப்பின்மேல் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள், உள்ளே 41-ஆம் பக்கத்திலிருந்து 46 வரை வெறும் தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் கிழித்து எடுத்தேன். இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதியிருக்கிறேன். மேலே மூலையில் பார், எண் இருக்கிறது. என் பேர் அச்சில் வந்ததும் அந்தப் பக்கத்தை அனுப்பச் சொன்னாய். இதுதான் அது. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். மதருக்கு என் வணக்கம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று. ஆகஸ்டிலிருந்து எத்தனையோ கேட்டுவிட்டேன், இதை மட்டும் கேட்காமல் வைத்திருந்தேன். மதர், இதைப் படித்துவிட்டு நீங்கள் கடிதத்தைத் தராமலும் இருக்கலாம். அதையும் எண்ணிக்கொள்வேன்.

அக்கா, உன் ஏழு பெயர் நோட்டில் நான்காவது வரியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடு. அங்கே வேறு யாரையும் எழுதாதே, என்னை இரண்டாவது தடவை எழுதவும் வேண்டாம். அந்த வரி வெறுமையாகவே கிடக்கட்டும். ஜெபத்தில் அந்த இடம் வரும்போது மட்டும் ஒரு மூச்சு நேரம் நிறுத்திவிட்டு, பிறகு ஐந்தாவது பெயருக்குப் போ. கேட்டுக்கொண்டிருப்பவர் எண்ணிக்கொள்ளட்டும்.

உன் தங்கை,
ரேஷ்மா